ஓடித் தேயல, நின்னு கெடுது: எலெக்ட்ரிக் வண்டிய நாமளே பாத்துக்கிறது பத்தி

போன மாசம் என் காரோட பின் சக்கரத்தைக் கழட்டிப் பாத்தேன். 70,000 கிலோமீட்டர் ஓடின வண்டி, பிரேக் பேட்ல பாதிக்கு மேல மிச்சம் இருந்துச்சு. பரவால்லையேன்னு சந்தோஷப்பட்டுட்டு டிஸ்க்கோட உள்பக்கம் டார்ச் அடிச்சா, விளிம்புலேந்து ரெண்டு விரல் அகலத்துக்குத் துரு, செதில் செதிலா, நகத்தால சுரண்டினா உதிருது. பேடை டிஸ்க் மேல அழுத்தற காலிப்பர் நகர்றதுக்குன்னு இருக்க ஸ்லைடு பின் ரெண்டுல ஒண்ணு அசையவே இல்ல, தட்டித் தட்டித்தான் வெளிய வந்துச்சு, அதுல போட்டிருந்த கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஆயிருந்துச்சு. ஓடி ஓடித் தேஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும். இது யாரும் தொடாம விட்டதால கெட்டுப்போனது.

எலெக்ட்ரிக் வண்டி, அதுலயும் சார்ஜ் தீந்தா கரண்ட் உண்டாக்க சின்னதா ஒரு பெட்ரோல் இன்ஜினைக் கூடவே தூக்கிட்டுப் போற ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வண்டி, ரெண்டையும் கொஞ்ச வருஷமா நானே பாத்துக்கிட்டதுல எனக்குப் புரிஞ்சது இதுதான்: இந்த வண்டிங்க பெரும்பாலும் ஓடி கெடறதில்ல, சும்மா இருந்து கெடுது. பெட்ரோல் வண்டில பழகின கைக்கு இது கொஞ்சம் தலைகீழான விஷயம். அங்க எல்லாமே கிலோமீட்டர் கணக்கு, இத்தனாயிரத்துல ஆயில், இத்தனாயிரத்துல பெல்ட், கிளட்ச். இங்க கிளட்சே கிடையாது, ஆயில் மாத்தறதும் பேருக்குத்தான், அதனால "இதுல பாக்க என்ன இருக்கு, சர்வீஸே வேணாம்"னு ஒரு பேச்சு ஊர் பூரா ஓடுது. பாக்க நிறைய இருக்கு. அதுல முக்கால்வாசி நம்ம கையாலயே முடியும், மிச்சக் கால்வாசிய எதுக்குத் தொடக்கூடாதுன்னு புரிஞ்சு வெச்சுக்கணும்.

பிரேக்லேந்தே ஆரம்பிக்கிறேன். ஆக்சிலரேட்டர்லேந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வண்டிய இழுத்துப் பிடிக்குது, வேகம் கரண்டா பேட்டரிக்குத் திரும்பப் போகுது. அதனால தினசரி ஓட்டத்துல பேட் டிஸ்க்கைத் தொடறதே கம்மி. மழைத் தண்ணி, மண்ணு எல்லாம் டிஸ்க்ல ஒக்காந்தா அதை வழிச்சுத் துடைக்க ஆளில்ல. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 ரெண்டுலயும் பின்னாடி டிரம் பிரேக் வெச்சதைப் பாத்து பழைய காலத்துக்குப் போயிட்டாங்கன்னு நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க, ஆனா மூடின டிரம்முக்குள்ள துருவும் அழுக்கும் அவ்வளவு சீக்கிரம் போகாதுங்கறது நியாயமான கணக்குதான். டிஸ்க் இருக்கறவங்க செய்யவேண்டியது ரொம்ப சாதாரணம்: வருஷத்துக்கு ஒரு தடவ சக்கரத்தைக் கழட்டி, ஸ்லைடு பின்னை உருவித் துடைச்சு, பிரேக்குக்குன்னே விக்கிற சிலிகான் கிரீஸைப் பூசி மாட்டணும். கைக்குக் கெடைச்ச சாதா கிரீஸைத் தடவிடாதீங்க, அது பின்னைச் சுத்தி இருக்க ரப்பரை ஊதிப் பெருசாக்கிடும், அப்புறம் மறுபடியும் இறுகும். வாரத்துக்கு ஒரு தடவ பின்னாடி வண்டி வராத ரோட்ல நியூட்ரல்ல போட்டு நல்லா அழுத்திப் பிரேக் பிடிங்க, நியூட்ரல்ல மோட்டார் இழுக்காது, பேட்தான் முழு வேலையும் செஞ்சாகணும், டிஸ்க் பளபளன்னு ஆயிடும். பிரேக் ஃப்ளூயிடும் அப்படித்தான், ஓட்டினாலும் ஓட்டாட்டியும் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறது நல்லது.

இதுல ரெண்டு இடத்துல ஏமாந்துடக்கூடாது. ஒண்ணு ஜாக்கி. பேட்டரி தரை முழுக்கப் படுத்திருக்கு, பழக்க தோஷத்துல நடுவுல எங்கயாவது ஜாக்கிய முட்டுக் குடுத்தா பேட்டரிப் பெட்டியோட அடித்தகடு உள்ள மடங்கும், அதுக்கப்புறம் நீங்க பேசற பேச்சு பிரேக் பத்தியா இருக்காது. கம்பெனி குறிச்ச நாலு இடத்துல மட்டும், நடுவுல ஒரு ரப்பர் கட்டை வெச்சு தூக்குங்க, தூக்கினதும் ஸ்டாண்டு போடுங்க. இன்னொண்ணு, இந்த வண்டிங்கள்ல பிரேக் பாதிக்கு மேல எலெக்ட்ரானிக்ஸ். சில ஹைப்ரிட்ல டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் முழிச்சுக்கிட்டு பிரஷர் ஏத்தும், பேட் கழட்டி வெச்சிருக்கும்போது அப்படி ஆச்சுன்னா பிஸ்டன் வெளிய தள்ளிடும். ஹேண்ட் பிரேக்குக்கும் மோட்டார்தான், முதல்ல மெனுலயோ, வண்டி கம்ப்யூட்டரோட பேசற ஸ்கேனர்லயோ சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகாம பிஸ்டனை உள்ள அழுத்தினா அந்தக் குட்டி மோட்டார் காலி.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. என்கிட்ட யாராவது வண்டி செத்துப்போச்சுன்னு பதறிட்டு வந்தா நான் கேக்கற முதல் கேள்வி அந்தச் சின்ன பேட்டரிக்கு எத்தன வயசுங்கறதுதான். கீழ 350 வோல்ட்டுக்கு ஒரு மலையே கிடக்கும்போது ஓரமா இருக்க இந்தக் குட்டி எதுக்குன்னு தோணும். பெரிய பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவுல காண்டாக்டர்னு ரெண்டு பெரிய ரிலே இருக்கு. வண்டி ஆஃப் ஆனதும் அது திறந்துடும், பெரிய பேட்டரி தனியாப் பூட்டினபடி கிடக்கும், பாதுகாப்புக்காகவே அப்படி வெச்சிருக்காங்க. அந்த ரிலேவை மறுபடி மூட வைக்கிற காயிலுக்கு 12 வோல்ட் வேணும், எல்லா கம்ப்யூட்டரும் அதுலதான் கண்ணு முழிக்கும். சாவி கொத்து உள்ள இருக்கற பெட்டியோட சாவி தொலைஞ்ச கதைதான். வண்டி ஓடும்போதும் சார்ஜ்ல இருக்கும்போதும் டிசி-டிசி கன்வர்ட்டர் பெருசுலேந்து சின்னதுக்கு ஊட்டி விடும், நிக்கும்போது நிறைய வண்டில ஊட்ட ஆளில்ல, ஆனா அலாரம், போனோட பேசற மோடம், கதவு சென்சார்னு எல்லாம் அதைச் சொட்டுச் சொட்டா குடிச்சிட்டே இருக்கும். மூணு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா வண்டி முழிக்காததுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

இதுல பயமுறுத்தற விஷயம் வண்டி காட்டற மெசேஜ்தான். வோல்டேஜ் சரிஞ்சதும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பக்கத்துல இருக்க கம்ப்யூட்டரைக் காணோம்னு புகார் பண்ணும். எனக்கு ஒரு தடவ ஸ்கேனர்ல 14 கோளாறு கோட் வந்துச்சு, பவர் ஸ்டியரிங், ஏர்பேக், ஹைவோல்டேஜ் சிஸ்டம்னு வரிசையா, படிச்சா வண்டிய அப்படியே எடைக்குப் போட்டுடலாம்னு தோணும். கொண்டு போன வொர்க்‌ஷாப்ல ஹைவோல்டேஜ்னு இருக்க அந்த ஒரு வரியப் பாத்துட்டு பெரிய பேட்டரிலதான் கோளாறு, இறக்கிப் பாக்கணும்னாங்க. வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து, ராத்திரி பூரா நிக்க விட்டு காலைல மீட்டர் வெச்சா 11.3 வோல்ட். நல்லா இருக்க லெட் ஆசிட் பேட்டரி ஓய்வுல 12.6 கிட்ட காட்டணும், 12ன்னாலே ஏறக்குறைய காலின்னு அர்த்தம். புதுசு மாட்டி கோடெல்லாம் அழிச்சேன், ஒண்ணுகூட திரும்பி வரல. அதுலேந்து முதல்ல மீட்டர், அப்புறம்தான் ஸ்கேனர்னு வெச்சிருக்கேன்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. பேட்டரிய எடுக்கறதுக்கு முன்னாடி டிக்கியத் திறந்து வெச்சுக்கோங்க, நிறைய வண்டில பூட்டு எலெக்ட்ரிக், கரண்டை எடுத்துட்டு வெளிய நின்னு முழிக்கக்கூடாது. வண்டி தூங்கற வரைக்கும் பத்து நிமிஷம் காத்திருங்க. ஏஜிஎம்னு ஆசிட் சிந்தாத வகை போட்டிருந்தா அதே வகைதான் போடணும், காத்துக் குழாய் ஒண்ணு வெளிய போகும், அதையும் மறக்காம மாட்டணும். இன்னொரு வண்டிலேந்து ஜம்ப் பண்ணி உங்க வண்டிய எழுப்பறது பிரச்சனையில்ல, எழுப்ப கொஞ்சூண்டு கரண்ட் போதும். ஆனா உங்க வண்டிலேந்து ஒரு பெரிய டீசல் வண்டிக்கு ஜம்ப் குடுக்க போகாதீங்க, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கற நூத்துக்கணக்கான ஆம்ப் இந்தக் குட்டிக்குத் தாங்காது.

ஸ்டார்ட்டர்னதும் ஞாபகம் வருது, ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் இன்ஜினுக்கு நிறைய வண்டில தனியா ஸ்டார்ட்டரே கிடையாது. அதோட ஒட்டி இருக்க ஜெனரேட்டரையே மோட்டாரா ஓட்டி இன்ஜினைச் சுத்தி விடுவாங்க. இந்த ஐடியா ஒண்ணும் புதுசில்ல, 1900லயே ஃபெர்டினாண்ட் போர்ஷ, லோனர் கம்பெனிக்காக செஞ்ச வண்டில பெட்ரோல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுத்த, சக்கரத்துக்குள்ள இருந்த மோட்டார் வண்டிய ஓட்டுச்சு. நம்ம காலத்துல 2010 கடைசில செவர்லே வோல்ட் வந்துச்சு, 16 கிலோவாட்-அவர் பேட்டரி, 1.4 லிட்டர் இன்ஜின். 2013ல பிஎம்டபிள்யூ ஐ3 வந்துச்சு, அதுல ரேஞ்ச் எக்ஸ்டெண்டரா உக்காந்தது 647 சிசி ரெண்டு சிலிண்டர் ஸ்கூட்டர் இன்ஜின், டேங்க் வெறும் 9 லிட்டர். மாஸ்டா எம்எக்ஸ்-30ல 2023ல 830 சிசி ஒத்த ரோட்டர் இன்ஜினைப் போட்டாங்க. மூணும் வேற வேற குணம், ஆனா நோய் ஒண்ணுதான். வீட்ல தினமும் சார்ஜ் போட்டு ஓட்டறவருக்கு இன்ஜின் மாசக்கணக்குல தேவையே படாது. அவருக்கு அது பெருமை. இன்ஜினுக்கு அதுதான் வினை.

டேங்க்ல நிக்கிற பெட்ரோல்ல லேசான பகுதி முதல்ல ஆவியாப் போகும், மிச்சம் கெட்டிப்பட்டு பிசின் மாதிரி இன்ஜெக்டர் முனைல ஒட்டும், எத்தனால் கலந்திருந்தா ஈரத்தையும் இழுத்துக்கும். இன்ஜினுக்கு அடில ஆயில் தேங்கற சம்புக்குள்ள வெயிலுக்கும் குளிருக்கும் மாறி மாறி தண்ணி வேர்க்கும். நடுநடுவே ரெண்டு நிமிஷம் மட்டும் ஓடி நின்னுச்சுன்னா இன்னும் மோசம், சூடே ஏறாது, எரியாத பெட்ரோலும் ஆயில்ல இறங்கும், சைலன்சருக்குள்ள தேங்கின தண்ணியும் அப்படியே கிடந்து உள்ளேந்து அரிக்கும். ஆயில் மூடியத் திறந்து பாத்தா அடில பால் ஏடு மாதிரி வெளுப்பா ஒட்டியிருக்கும். அதைப் பாத்துட்டு, கூலண்ட் ஆயில்ல கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, பல தடவ அது வெறும் வேர்வைத் தண்ணி, அரை மணி நேரம் நல்ல சூட்ல ஓட்டினா போயிடும். கூலண்ட் அளவு குறையாம இருக்கா, அதை மட்டும் பாத்துக்கோங்க. ஏடும் இருந்து கூலண்டும் குறைஞ்சா அப்ப கவலைப்படலாம்.

தயாரிச்சவங்களுக்கும் இது தெரியும். செவர்லே வோல்ட்ல ஆறு வாரம் போல இன்ஜின் ஓடாம இருந்தா வண்டியே கொஞ்ச நேரம் ஓட்டிக்கவான்னு கேக்கும், ஒரு நாள் தள்ளிப் போடலாம், அப்புறம் கேக்காமயே ஓட்டிடும். டேங்க்ல இருக்க பெட்ரோலுக்கு சராசரியா ஒரு வயசு ஆயிடுச்சுன்னா பழசை எரிச்சுத் தீக்கறதுக்கு இன்ஜினை ஓட்டும். ஆயிலும் கிலோமீட்டர் என்னவா இருந்தாலும் 24 மாசத்துல மாத்தியாகணும். இதைத் தெரியாதவங்க, பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது இன்ஜின் தானா ஓடுது, ஏதோ ரிப்பேர்னு பதறி வொர்க்‌ஷாப்புக்கு ஓடறாங்க. நான் பண்றது, டேங்க்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வெச்சுக்கறதில்ல, மாசத்துக்கு ஒரு தடவ நெடுஞ்சாலைல ஏறி இன்ஜினை வேணும்னே ஒரு அரை மணி நேரம் ஓட விடறேன். நிறுத்தி வெச்ச எடத்துலயே அஞ்சஞ்சு நிமிஷம் பத்து தடவ ஓட்டறதைவிட இந்த ஒரு நீள ஓட்டம் நூறு மடங்கு நல்லது.

ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இதெல்லாம் மாத்தறது எந்த வண்டிலயும் போல இதுலயும் சுலபம், இடம்தான் நெருக்கடி. ஒரே ஒரு ஆபத்து, வண்டி ஆன்ல இருந்தா இன்ஜின் எப்ப வேணாலும் சத்தமில்லாம சுத்த ஆரம்பிக்கும், சில வண்டில பானெட்டைத் திறந்தாலே ஓடும். கையை உள்ள விடறதுக்கு முன்னாடி வண்டிய ஆஃப் பண்ணி சாவிய வேற ரூம்ல கொண்டு போய் வெச்சுட்டு வாங்க, பாக்கெட்ல இருந்தா அதுவும் பக்கத்துல இருக்க சாவிதான். பெட்ரோல் டேங்க்கும் சில மாடல்ல ஆவி வெளிய போகாம இறுக்கி மூடின டேங்க், ஒரு பட்டனை அழுத்தி பிரஷர் இறங்கினப்புறம்தான் மூடி திறக்கும். திறக்கலைன்னா நெம்பாதீங்க, பெரும்பாலும் அந்த ஆவி வால்வுதான் சும்மா கிடந்து ஒட்டியிருக்கும்.

பெரிய பேட்டரிக்கு வருவோம். அதுவும் இந்தக் கணக்குல சேந்ததுதான். ஓடற ஓட்டத்துல தேயறது ஒரு பங்கு, சும்மா இருக்கும்போதே வயசாகறது இன்னொரு பங்கு, அதுவும் ஃபுல் சார்ஜ்ல வெயில்ல நின்னா அந்த வயசு வேகமா ஏறும். நாள்கணக்குல நிறுத்தறதா இருந்தா பாதி சார்ஜ்ல நிழல்ல விடுங்க. எல்எஃப்பின்னு இரும்பு பாஸ்பேட் வகை செல் இருந்தா மட்டும் கதை கொஞ்சம் மாறும், அதோட வோல்டேஜ் நடுவுல தரை மாதிரி சமமா இருக்கறதால எவ்வளவு மிச்சம்னு பேட்டரியக் கண்காணிக்கிற கம்ப்யூட்டரான பிஎம்எஸ்ஸால சரியா கணிக்க முடியாது, அப்பப்போ 100 வரைக்கும் ஏத்தினாத்தான் அதுக்குக் கணக்கு நேராகும்.

உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க பெட்டியப் பிரிக்க வேணாம். ஸ்கேனர் மாட்டற ஓபிடி போர்ட்ல ஒரு சின்ன புளூடூத் அடாப்டர், போன்ல அந்த வண்டிக்கான ஆப், அவ்வளவுதான். நிஸான் லீஃப்காரங்களுக்கு லீஃப் ஸ்பைன்னு ஒண்ணு இருக்கு, 96 செல் ஜோடியோட வோல்டேஜையும் தனித்தனி குச்சியா வரைஞ்சு காட்டும். டேஷ்போர்டுல இருக்க 12 கட்டத்தை நம்பி உக்காந்திருக்க வேணாம், லீஃப்ல முதல் கட்டம் போகும்போதே 15 சதவீதம் போல போயிருக்கும். குச்சிகளைப் பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. வண்டி சும்மா நிக்கும்போது எல்லா செல்லும் ஒரே உயரமா நல்ல புள்ள மாதிரிதான் நிக்கும். சார்ஜ் 20, 30 சதவீதத்துல இருக்கும்போது பக்கத்துல ஒருத்தரை உக்கார வெச்சு போனைக் குடுத்துட்டு ஒரு ஏத்தத்துல நல்லா மிதிங்க. அப்ப எது மத்ததைவிட பொசுக்குன்னு கீழ இறங்குதோ அதுதான் வீக்கு. 20, 30 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்கெல்லாம் தூக்கம் கெடுத்துக்க வேணாம், ஒண்ணு மட்டும் தனியா 200, 300 இறங்குச்சுன்னா அதைக் குறிச்சு வெச்சுட்டு அடுத்த மாசம் அதே ஏத்தத்துல மறுபடி பாருங்க. தொடர்ல கோத்த செல்லுங்கறதால மொத்த பேட்டரியோட தெம்பும் அந்த நோஞ்சானோட தெம்புதான், அது காலியானா வண்டி நின்னுடும், மிச்சம் 95 ஜோடி தெம்பா இருந்தும் பிரயோஜனமில்ல.

அப்ப அந்த ஒண்ண மட்டும் மாத்திடலாமேன்னு கேப்பீங்க. மாத்தறவங்க இருக்காங்க, பழைய லீஃப்ல செல்லுங்களைச் சேத்துக் கட்டின 48 மாட்யூல், ஒவ்வொண்ணும் 7.6 வோல்ட் போல, கையால தூக்கி மாட்டற சைஸ். நான் பண்ண மாட்டேன், ஏன்னு சொல்றேன். ஐநா விதிமுறை 100ன்னு வண்டிங்களோட எலெக்ட்ரிக் பாதுகாப்புக்கு ஒண்ணு இருக்கு, டிசில, அதாவது பேட்டரி மாதிரி ஒரே பக்கமா ஓடற கரண்ட்ல, 60 வோல்ட்டுக்கு மேல போனா அது ஹைவோல்டேஜ்னு கோடு போட்டிருக்கு. 96 செல் தொடர்ல சேந்தா ஃபுல் சார்ஜ்ல 400 வோல்ட் கிட்ட. வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவ பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும், அதனால தீப்பொறி வந்தாலும் அணைய ஒரு வாய்ப்பு இருக்கு. டிசி அப்படித் தொடறதே இல்ல, பொறி பிடிச்சா கம்பியே உருகற வரைக்கும் நிக்கும். ஹைவோல்டேஜுக்குப் போடற ஆரஞ்சு கலர் ஒயர் எங்க இருக்கோ அங்கேந்து அந்த உலகம் ஆரம்பிக்குது. சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிட்டா செத்துடும்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம்: அது வெளிய போற பாதையைத்தான் வெட்டும், பெட்டிக்குள்ள செல்லுங்க எப்பவும் போல உயிரோடதான் இருக்கும். செல்லுக்கு ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. மாட்யூல் 7.6 வோல்ட்தானேன்னு அசட்டையா ஸ்பேனரைப் போட்டா, ஷார்ட் ஆகற நொடில பல நூறு ஆம்ப் பாயும், கைல மோதிரம் இருந்தா அது சிவப்பாப் பழுக்கும்.

பெட்டிக்கு வெளிய, பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்தற இன்வெர்ட்டர், ஹீட்டர் பக்கம் கை வெச்சே ஆகணும்னு படிச்சுத் தெரிஞ்சவங்க பண்ற முறைய சொல்றேன், இதை நீங்க பண்ணணும்னு சொல்லல, ஒருத்தர் இப்படிப் பண்ணாம தொட்டா அவருக்குத் தொழில் தெரியாதுன்னு கண்டுபிடிக்க உதவும். முதல்ல 12 வோல்ட்டைக் கழட்டி, சர்வீஸ் பிளக்கை உருவி தன் பாக்கெட்லயே போட்டுக்குவார், வேற யாரும் திரும்ப மாட்டிடக்கூடாதுன்னு. இன்வெர்ட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கிற கெபாசிட்டர் காலியாக பத்து நிமிஷம் சும்மா உக்காருவார். ஹைவோல்டேஜ் வேலைக்கான கிளாஸ் 0 ரப்பர் கிளவுஸை எடுத்து மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி உள்ள காத்தை அடைச்சு கன்னத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாப்பார், ஊசி முனை ஓட்டை இருந்தாலும் காத்து கன்னத்துல படும். அதுக்கு மேல தோல் கிளவுஸ். மீட்டரை முதல்ல உயிர் இருக்குன்னு தெரிஞ்ச இடத்துல வெச்சுப் பாப்பார், அப்புறம் வேலை செய்யப்போற இடத்துல வெச்சு பூஜ்யம் பாப்பார், மறுபடி உயிருள்ள இடத்துல வெச்சுப் பாப்பார். நடுவுல மீட்டரே செத்திருந்தாலும் பூஜ்யம்தானே காட்டும், அதுக்குத்தான் இந்த மூணு தடவ. அந்த மீட்டரும் அந்த வோல்டேஜைத் தாங்கும்னு கேட் III 1000 வோல்ட்னு எழுதினதா இருக்கும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அந்த ஆள்கிட்ட வண்டிய விடாதீங்க.

ஆரஞ்சு ஒயரைத் தொடாமயே ஆரஞ்சு பக்கத்தைக் கெடுக்கற வழியும் ஒண்ணு இருக்கு, அது வண்டியக் குளிர வைக்கிற ஏசியோட கேஸ். எலெக்ட்ரிக் வண்டில ஏசி கம்ப்ரஸருக்குள்ளயே ஹைவோல்டேஜ் மோட்டார், அது ஆயில்லயே குளிச்சிட்டு ஓடுது. அதுக்குப் போடறது பிஓஇன்னு கரண்ட் கடத்தாத ஆயில். பெட்ரோல் வண்டிக்குப் போடற பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் குறையும், லீக் இருக்குன்னு வண்டி கண்டுபிடிச்சு ஸ்டார்ட் ஆக மாட்டேன்னு அடம் பிடிக்கும். வெளிய கேஸ் அடிக்கக் குடுத்தா அந்த மெஷின் அதுக்கு முன்னாடி எந்த வண்டிக்கு ஓடுச்சு, ஹோஸைச் சுத்தம் பண்ணாங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. ஐ3 மாதிரி வண்டில ஏசி கேஸேதான் பேட்டரியவும் குளிர வைக்குது, கம்ப்ரஸர் உள்ள அரைபட்டு உலோகத் தூள் பறந்தா அது பேட்டரி வரைக்கும் போகும். செவர்லே வோல்ட்ல பேட்டரியக் குளிர வைக்கிறது கூலண்ட் சுத்து. பேட்டரிக்கு ஒண்ணு, எலெக்ட்ரானிக்ஸுக்கு ஒண்ணு, இன்ஜினுக்கு ஒண்ணுன்னு தனித்தனி பாட்டில். எதுல என்ன ஊத்தணும்னு மேனுவல்ல இருக்கறதை மட்டும், தாது நீக்கின தண்ணி கலந்து ஊத்துங்க, குழாய்த் தண்ணி வேணவே வேணாம். பேட்டரி பாட்டில்ல அளவு குறைஞ்சா செவர்லே வோல்ட் சார்ஜ் ஏத்தறதையே நிறுத்திடும், நீங்க ஊத்தி நிரப்பினாலும் அந்தக் கோளாறு கோடை ஸ்கேனர் வெச்சு அழிச்சாத்தான் மறுபடி ஏத்தும். அதனால வாரம் ஒரு தடவ பாட்டிலைக் கண்ணால பாக்கறதுதான் உலகத்துலயே மலிவான சர்வீஸ்.

கிலோமீட்டருக்கு சம்பந்தமில்லாம கெடறதுக்கு விசித்திரமான உதாரணம் ஒண்ணு கம்ப்யூட்டர் பக்கமும் இருக்கு. பழைய டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் நடு ஸ்க்ரீனுக்குப் பின்னாடி 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி, வண்டி ஓயாம அதுல எதையாவது எழுதி எழுதி, எழுதற ஆயுசு தீந்து ஸ்க்ரீன் இருண்டு போச்சு. 2021ல அமெரிக்கால சுமார் 1,35,000 வண்டிங்களை அதுக்காகத் திரும்பக் கூப்பிட்டாங்க. சாலிடரிங் தெரிஞ்சவங்க அந்த ஒரு சிப்பை மட்டும் மாத்திக் காட்டினாங்க, கம்பெனி முழு போர்டையும் மாத்தச் சொன்ன காலத்துலயே. சிப்பை மாத்தறது ஒரு திறமை, மாத்தின பாகத்தை வண்டி ஏத்துக்க வைக்கிறது வேற சண்டை, ஏன்னா பல பாகங்க வண்டியோட நம்பரோட ஜோடி போட்டு பூட்டியிருக்கும். அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012லயே ரிப்பேர் உரிமைச் சட்டம் வந்து, 2020ல வண்டி கம்பியில்லாம அனுப்பற தகவலும் அதுல அடங்கணும்னு ஜனங்க ஓட்டுப் போட்டதெல்லாம் இதுக்குத்தான். என்னைக் கேட்டா, பழைய எலெக்ட்ரிக் வண்டி வாங்கறவங்க பேட்டரி எத்தன சதவீதம்னு கேக்கறதோட, எந்தப் பாகத்தை மாத்தினா கம்பெனி லேப்டாப் இல்லாம ஓடும்னும் விசாரிச்சுட்டு வாங்கணும்.

உபயோகிச்சு தேயற இடம்னு பாத்தா ரெண்டுதான் பெருசா இருக்கு. டயர் ஒண்ணு, வண்டி கனம், மோட்டார் இழுக்கற இழுப்பும் எடுத்ததுமே முழுசா வருது, காத்தைச் சரியா வெச்சு முன்ன பின்ன மாத்திப் போட்டா அதுக்கு மேல செய்ய ஒண்ணுமில்ல. இன்னொண்ணு தினமும் கை படற சார்ஜ் பிளக்.

என்கிட்ட இருக்கறது டைப் 1 பிளக், துப்பாக்கி மாதிரி மேல கட்டைவிரலுக்கு ஒரு பட்டன் வெச்சது. கொஞ்ச நாளா ராத்திரி சார்ஜ் போட்டா காலைல பாதிலயே நின்னிருக்கும், எந்தக் கோளாறு கோடும் இருக்காது. இந்தப் பிளக்ல கரண்டுக்கு ரெண்டு பெரிய பின், ஒரு எர்த் பின் தவிர பேச்சு வார்த்தைக்குன்னு ரெண்டு சின்ன பின் இருக்கு. ஒண்ணுல சார்ஜர் 12 வோல்ட் வெச்சுக் காத்திட்டிருக்கும், வண்டில சொருகினதும் அது 9 ஆகும், வண்டி கரண்ட் குடுன்னு கேட்டா 6 ஆகும், எவ்வளவு ஆம்ப் தர முடியும்னு சார்ஜர் அதே ஒயர்ல நொடிக்கு ஆயிரம் துடிப்பா சொல்லும். இன்னொரு பின் பிளக் சொருகியிருக்கான்னு பாக்கறதுக்கு, அதுக்கும் எர்த்துக்கும் நடுவுல 150 ஓம். கட்டைவிரல் பட்டனை அழுத்தினா அது 480 ஓம் ஆகும், யாரோ பிடுங்கப் போறாங்கன்னு வண்டி புரிஞ்சுக்கிட்டு தீப்பொறி வராம இருக்க கரண்டை முன்னாடியே நிறுத்திடும். சுவத்துலேந்து சார்ஜரை முழுசாப் பிடுங்கிட்டு பிளக்கைக் கைல வெச்சு மீட்டர் போட்டேன். 150. பட்டனை அழுத்தினா 480. எல்லாம் சரியாத்தான் இருக்கேன்னு வைக்கப் போனப்போ கேபிள் மேஜையிலேந்து சரிஞ்சு தொங்குச்சு, மீட்டர்ல நம்பர் 480க்குத் தாவிட்டு வந்துச்சு. பட்டனை நான் தொடவே இல்ல. ஹேண்டிலைப் பிரிச்சா உள்ள பட்டன் ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்து கிடக்கு, கேபிள் கனத்துல ஹேண்டில் லேசா வளைஞ்சாலே ஸ்விட்ச் அமுங்குது, நடுராத்திரில யாரோ பிளக்கை உருவறாங்கன்னு வண்டி தினமும் நெனைச்சுக்கிட்டிருந்திருக்கு. ஸ்பிரிங்கை மாத்தி மூடிட்டேன், கேபிளோட கனம் பிளக்ல தொங்காம இருக்க வண்டியோட சார்ஜ் மூடி வர்ற இடத்துக்கு மேல சுவத்துல ஒரு கொக்கி அடிச்சு அதுல ஒரு சுத்து சுத்தி விட்டிருக்கேன்.